நம்பிக்கை நாற்காலி

ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

மூன்று நாளாக உன் கைப்பேசிக்கு அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல் வந்து, "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்கிறது. அதைக் கேட்டதும் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. அதனால் கடையிலேயே ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்குத் தாளுக்கா பஞ்சம்!

வெள்ளிக்கிழமை ஏழு மணிச் செய்தியில் உன்னைப் பார்த்தோம். சலூனில் நிற்க இடமில்லை. முகத்தில் பாதி நுரையோடு ஒருத்தர் எழுந்து நின்று உன் பேச்சைக் கேட்டார். உலக நாடுகள் எல்லாம் கூடிப் பேசி நிதி ஒதுக்கிவிட்டன, கடற்சுவர் வரப்போகிறது, கரையோரத்துக்காரர்கள் வீட்டைவிட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை என்று நீ சொன்னாயே, அப்போது சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ஜெராக்ஸ் அக்கா தம்பிடா! நல்லா கேட்டுக்கங்கடா!" என்று ஒரே சத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோட்டு உனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, தோளில் தொங்குகிறது. பிடித்துத் தைக்கச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் கட்டிய மேட்டுக் குடியிருப்பில் வீடு வேண்டுமென்றால் இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த வீடுகள் வேறு ஊர்க்காரர்களுக்குப் போய்விடும், அவ்வளவுதான். நம் தெருவில் நாற்பத்துமூன்று வீடு. முப்பத்தொரு படிவத்தை நானே நிரப்பி வைத்திருந்தேன். நீ பேசிய மறுநாள் காலையில் ஒவ்வொருத்தராக வந்து, "என்னக்கா பண்ணலாம்?" என்று கேட்டார்கள். "என் தம்பிதான் சொல்லிட்டானே, அப்புறம் என்ன கேள்வி?" என்றேன். படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் என் எதிரிலேயே கிழித்துப் போட்டார்.

உன் மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அம்மாவை நாற்பது கிலோமீட்டர் எப்படித் தூக்கிப் போவது என்று ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத மனிதர். இப்போது இரண்டாம் தடவை சாப்பாடு கேட்கிறார்.

ஆனாலும் போன பௌர்ணமியன்று தண்ணீர் வாசலில் இரண்டாவது படிவரை ஏறியது. ஒரு பொட்டு மழை கிடையாது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. ஜெராக்ஸ் மிஷினை பெஞ்சு மேல் தூக்கி வைத்திருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். ஒரே ஒரு வரி எழுதிப் போடு. "ஆமாம் அக்கா, தைரியமாக இருங்கள்" என்று.

அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். கைப்பேசியில் அந்தப் பெண் குரல் வருவதற்குக் காரணம் உண்டு. ஒப்பந்தப்படி பொருளாதாரம், அரசியல், பருவநிலை ஆகிய மூன்றையும் பற்றி நான் யாரிடம் எதைச் சொன்னாலும் அது டிவிக்கு நிபுணர்களைக் கொடுக்கும் எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். அழைப்பு, மின்னஞ்சல் எல்லாம் 'சொல் சரிபார்ப்பு' என்றொரு பிரிவு வழியாகத்தான் போகும். தபாலை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. கடந்த பதினொரு நாளில் நான் வெளியே வைத்த கால் அதுவரைக்கும்தான்.

ஆறாவது மாடியில் அறை, நான்காவது மாடியில் சாப்பாடு, இரண்டாவது மாடியில் படப்பிடிப்புக் கூடம். கூடத்தில் ஜன்னல் கிடையாது. என் பின்னால் டிவியில் தெரியும் நகரம் வெறும் படம். அதில் எப்போதும் சாயங்காலம் ஐந்து மணி.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். என்னோடு தினமும் சண்டை போடுகிறாரே அந்தத் தாடிக்காரர், அவரும் இதே நிறுவனம்தான். நான் உட்காருவது நம்பிக்கை நாற்காலி, அவருடையது கவலை நாற்காலி. வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பிரித்துவிட்டார்கள். மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுவோம், ஒரே பவுடர் டப்பாதான் இருவருக்கும்.

உன் கேள்விக்கு வருகிறேன். கரையோரக் குடியிருப்புகளின் எதிர்காலம் பல காரணிகளைப் பொறுத்தது. ஒருபுறம், மாநாட்டின் அறிவிப்பு ஊக்கம் தரக்கூடியதே. மறுபுறம், நிதி வந்து சேரும் வேகம், நாடுகளின் உள்அரசியல், கடன் வட்டி விகிதம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே எச்சரிக்கையோடு கூடிய நம்பிக்கையே இன்றைய சூழலில் பொருத்தமான நிலைப்பாடு என்று கருதுகிறேன்.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி

*

ஜூன் 10

டேய்,

என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்காவது புரிகிறதா? ஒருபுறமாம், மறுபுறமாம். நான் என்ன தோசையா கேட்டேன், திருப்பித் திருப்பிப் போட? இருக்கலாமா, கிளம்பணுமா என்று கேட்டேன். வழவழா கொழகொழா என்று ஒரு பக்கம். உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "உன் தம்பி நல்லா எழுதுறான்ல" என்றார். அவருக்கு இருக்கலாம் என்று யாராவது சொன்னால் போதும், யார் என்ன மொழியில் சொன்னாலும் சரி.

எச்சரிக்கையோடு கூடிய நம்பிக்கை என்று டிவியில் ஒரு வார்த்தை வரவில்லையே. அங்கே நகரவே வேண்டாம் என்றாய். எனக்கு எழுதும்போது மட்டும் மென்று முழுங்குகிறாய். சின்ன வயதில் நீ பொய் சொன்னால் வாக்கியம் நீளும். இப்போதும் அப்படித்தான் நீண்டிருக்கிறது.

நம் வீட்டுப் படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. முப்பதாம் தேதிக்கு இன்னும் இருபது நாள். உன் நிபுணர் வேஷத்தையெல்லாம் அந்த நாற்காலியோடு வைத்துக்கொள். கூடப் பிறந்தவளுக்குக் கூடப் பிறந்தவனாக ஒரு பதில் எழுது.

அக்கா

*

ஜூன் 13

அக்கா,

கிளம்புங்கள். இருக்க வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போடு.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுத்தான் அந்தக் 'காரணிகள்' கடிதத்தை எழுதினேன்.

நடந்தது இதுதான். பெரிய மாநாடு என்றால் முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஏழு மணிக்குச் செய்தி போட்டாக வேண்டும். அதனால் எங்களிடம் முன்கூட்டியே இரண்டு பேச்சு வாங்கி வைத்துவிடுவார்கள். ஒப்பந்தம் நிறைவேறினால் ஒன்று, அதற்குப் பெயர் 'அ'. நிறைவேறாவிட்டால் இன்னொன்று, 'ஆ'. ஒரே கோட்டு, ஒரே நாற்காலி, பத்து நிமிட இடைவெளி. 'அ'வில் சுவர் வருகிறது, யாரும் நகர வேண்டாம் என்று சிரித்தேன். 'ஆ'வில் சுவரை நம்பிப் பயனில்லை, கரையோர மக்கள் உடனே மேட்டுக்குப் போவதே புத்திசாலித்தனம் என்று முகத்தைச் சுருக்கினேன். இரண்டும் நானே எழுதியது.

மாநாடு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் நாற்பது பக்க அறிக்கை ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் வாழ்த்தும் கைகுலுக்கலும். முப்பத்தெட்டாம் பக்கத்தில், பின்னிணைப்பில், நிதி ஒன்பது வருடம் கழித்துத்தான், அதுவும் அடுத்தடுத்த மாநாடுகள் ஒத்துக்கொண்டால்தான் என்று இருக்கிறது. ஒன்பது வருடத்தில் நம் தெருவில் மீன்தான் குடியிருக்கும். செய்தி நிலையத்தில் அவசரத்தில் 'அ'வைப் போட்டுவிட்டார்கள். தவறு நடந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு.

தம்பி

*

ஜூன் 17

தம்பி,

கிழிக்கவில்லை. சலூன்காரரிடமும், எதிர்வீட்டு டீச்சரிடமும் காட்டினேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி. என் வீடு மட்டும்தான் மூழ்குமா?

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "கையெழுத்து உங்க தம்பியோடதுதானா?" என்று கேட்டார். சலூன்காரர் படிக்கவே இல்லை. "அக்கா, ஊருக்கே டிவியில சொன்னவரு, மாத்திச் சொல்றதா இருந்தா டிவியிலதான சொல்லணும்? கடுதாசியில ஏன் ரகசியமா சொல்றாரு?" என்றார். எனக்கே அந்தக் கேள்வி இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கதை வேறாகிவிட்டது. தெருவைக் காலி செய்துவிட்டு யாருக்கோ கொடுக்கப் பார்க்கிறார்களாம், அதற்கு உன்னையும் என்னையும் வளைத்துப் போட்டுவிட்டார்களாம். குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது. இருபது வருடமாக இவர்கள் பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பம் முதல் சாவுச் சான்றிதழ் வரைக்கும் என் கையால் நகல் எடுத்துக் கொடுத்தவள் நான். இப்போது காகிதத்தை என்னிடம் நீட்டும்போது ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நீட்டுகிறார்கள்.

நம் படிவத்தில் கையெழுத்துப் போடு என்கிறாய். போட்டுவிட்டு? "இருங்க, என் தம்பி சொல்லிட்டான்" என்று நாற்பது வீட்டுக்குச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் மூட்டையைக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறுவதா? நாளைக்குத் தண்ணீர் வந்து ஒரு குழந்தை போனால் மேட்டில் எனக்குச் சோறு இறங்குமா? உன் மாமாவிடம் சொன்னேன். "நீ சொன்ன பேச்சுக்கு நீதான் நிக்கணும்" என்றார். அவர் நகராமல் இருப்பதற்காகச் சொன்னாலும் சொன்னது நியாயம்தான்.

நீ டிவியில் சொல். ஒரே ஒரு நிமிஷம். தெரு எழுந்து நடக்கும், நானும் நடப்பேன். பதிமூன்று நாள் இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 20

அக்கா,

நிறுவனத்தின் இயக்குநர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். திருத்தம் சொல்ல ஒரு நிமிடம் வேண்டும் என்றேன். கோபப்படவே இல்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். "நிபுணர் திருத்தம் போட மாட்டாருப்பா, புதுப் பார்வை தருவாரு. அதையும் ஆறு மாசம் கழிச்சுத் தருவாரு" என்றார். முப்பதாம் தேதியைப் பற்றிச் சொன்னேன். "அதுக்குத்தான் கவலை நாற்காலி இருக்கே. அவரு தினமும் போங்க போங்கன்னுதான சொல்றாரு, உங்க ஜனங்க அவரை நம்பலாமே" என்றார். தாடிக்காரர் சொல்வதை நம் தெருவில் யார் நம்புவார்கள்? அவர் எல்லாவற்றுக்கும் பயமுறுத்துகிறவர் ஆயிற்றே. அப்படித்தானே இரண்டு வருடமாக நானே அவரைக் கிண்டல் செய்து வைத்திருக்கிறேன்.

நேரலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எங்களுக்கு நேரலையே கிடையாது, அக்கா. 'நேரலை' என்று மூலையில் எழுத்து ஓடும்போது நான் நான்காவது மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். நேற்றுப் பேசும்போது நடுவில் சொல்லிப் பார்த்தேன். ஒளிபரப்பில் அந்த இடத்தில் நான் தண்ணீர் குடித்தேன். அது எந்த மாதம் குடித்த தண்ணீரோ.

வேலையை விட்டுவிட்டால் என்ன என்று நீ கேட்பாய். விட்டால் ஐந்து வருடத்துக்கு அந்த மூன்று விஷயம் பற்றி எந்த மேடையிலும் எந்தப் பத்திரிகையிலும் வாய் திறக்கக் கூடாது. இருந்தாலும் வாய் இல்லை, விட்டாலும் வாய் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தையும் நான் முழுசாகப் படிக்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுதக் கை வரவில்லை. போன கடிதத்தில் செய்தி நிலையத்துக்காரர்கள் அவசரத்தில் போட்டுவிட்டார்கள் என்றேன். பொய். அன்றைக்கு ஆறு நாற்பதுக்கு ஒரு பெண் ஓடி வந்து, "சார், அறிக்கை வந்துடுச்சு, 'அ'வா 'ஆ'வா?" என்று கேட்டாள். எனக்கு முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறிக்கை என் மடியில் இருந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தேன், கைகுலுக்கும் படம் இருந்தது. "அ போடுங்க" என்றேன். வேறு யாரும் இல்லை, நான்தான். மீதி முப்பத்தொன்பது பக்கத்தை இரண்டு நாள் கழித்துப் படித்தேன். படித்துவிட்டுத்தான் உன் முதல் கடிதத்தைப் பிரித்தேன்.

இருபத்தாறாம் தேதி வருகிறேன். நேரில் வந்து வீடு வீடாகச் சொல்கிறேன். என் முகத்தைப் பார்த்து நம்பினவர்கள்தானே, அதே முகத்தைப் பார்த்து இதையும் நம்பட்டும்.

தம்பி

*

ஜூன் 30

தம்பி,

வந்த அன்றைக்கே சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாய். நான் வாசலுக்கு வந்து பார்த்தபோது நீ தெருமுனையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போய்க்கொண்டிருந்தாய். கூப்பிடத் தோன்றியது. கூப்பிடவில்லை. உன்னைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

சலூனில் நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு ஆறாது. நீ பெஞ்சு மேல் ஏறி நின்று, "நான்தான் சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன், கிளம்புங்க" என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கிறாய். உன் தலைக்கு மேல் டிவியில் அதே நேரத்தில் நீ கோட்டுப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, சுவர் வருகிறது என்கிறாய். மூலையில் 'நேரலை' என்று ஓடுகிறது. எல்லாரும் ஒரு தடவை உன்னைப் பார்த்தார்கள், ஒரு தடவை டிவியைப் பார்த்தார்கள். சலூன்காரர்தான் வாய் திறந்தார். "தம்பி, நேரலையில அங்க பேசிட்டிருக்காரு. அப்ப நீங்க யாரு?" என்றார். அந்தச் சிரிப்பு! மழிக்க உட்கார்ந்திருந்தவர் கன்னம் வெட்டுப்படும் அளவுக்குச் சிரித்தார்கள். நீயும் பாவி, கோட்டையாவது போட்டுக்கொண்டு வந்திருக்கக் கூடாதா? சட்டை கசங்கி, தாடி முளைத்து, எனக்கே ஒரு கணம் நீ அவன் இல்லை என்று தோன்றிவிட்டது.

இன்று மத்தியானம் படிவம் வாங்குகிறவர்கள் வேனில் வந்தார்கள். தெருமுனையில் தண்ணீர் இருந்ததால் உள்ளே வரவில்லை. மேசையை அங்கேயே போட்டுக்கொண்டார்கள். நாற்பத்துமூன்று வீட்டில் நான்கு வீடு கையெழுத்துப் போட்டது. டீச்சர் வீடு அதில் ஒன்று. அவர் உன்னை நம்பவில்லை, முப்பத்தெட்டாம் பக்கத்தை நம்பினார். எங்கிருந்தோ அந்த அறிக்கையைத் தேடிப் பிடித்து என் கடையிலேயே நகல் எடுத்துப் படித்தார். மீதிப் பேரிடம் அந்தப் பக்கத்தை நீட்டினேன். "இதெல்லாம் நமக்கெங்க புரியப்போகுது, அதுக்குத்தான நிபுணர் இருக்காங்க" என்றார்கள்.

நாலு மணிக்கு வேன்காரர், "கடைக்காரம்மா, உங்க படிவம்?" என்று கேட்டார். கையில்தான் வைத்திருந்தேன். தெருவே வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் போட்டிருந்தால் இன்னும் பத்து வீடு போட்டிருக்குமோ, இல்லை வேனைக் கல்லால் அடித்திருப்பார்களோ, தெரியவில்லை. கால் நகரவில்லை, அதுதான் உண்மை. உன் மாமா கையெழுத்துப் போட மாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமலும் நான் போட்டிருக்கலாம். போடவில்லை. வேன் போய்விட்டது.

நான் உன்னை நம்பினேன். அதை மட்டும் தெரிந்துகொள். இரண்டு தடவையும் நம்பினேன்.

அக்கா

*

ஜூலை 4

அக்கா,

வேலையை விட்டுவிட்டேன். ஆறாவது மாடி அறையை நேற்றுக் காலி செய்தேன். தாடிக்காரர் லிஃப்ட் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கி வந்தார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த ஆளைத் திட்டிக்கொண்டே இவ்வளவு நாள் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

விட்டேனே தவிர விடுபடவில்லை. என்னிடம் நானூறு பதில் பதிந்து வைத்திருக்கிறார்கள். எண்ணெய் விலை ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று, தேர்தலில் யார் ஜெயித்தாலும் ஒன்று, புயல் வந்தால் ஒன்று. இயக்குநர் அம்மா கைகுலுக்கி, "நீங்க போனது தெரியாமப் பாத்துக்கறோம், கவலைப்படாதீங்க" என்றார். இன்னும் பல வருடத்துக்கு நான் தினமும் ஏழு மணிக்கு வருவேன். அவனை நிறுத்த எனக்கு வழியில்லை. வழக்குப் போடலாமா என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். அந்த முகம் நிறுவனத்துடையது என்றார்.

நகரத்தில் வேறு அறை பார்க்கப் போனேன். வீட்டுக்காரர், "டிவியில வர்றவரு மாதிரியே இருக்கீங்க" என்றார். முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

அக்கா, நான் அங்கே வந்துவிடுகிறேன். யாரையும் கிளப்புவதற்காக அல்ல, இனி அதற்கும் நேரமில்லை. முப்பத்தொன்பது வீடு என் வாயை நம்பி அங்கே உட்கார்ந்திருக்கிறது. நான் மட்டும் இங்கே மூன்றாவது மாடியில் அறை தேடிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. உன் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறதே, அதைக் கொடுப்பாயா? மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன். மாமா சம்மதிப்பாரா என்று கேட்டு எழுது. நீ வர வேண்டாம் என்றாலும் எழுது.

தம்பி

*

ஜூலை 8

தம்பி,

வா. மாமாவைக் கேட்டேன். "அவன் வாயைத் திறக்காம இருந்தா வரட்டும்" என்றார். தெருக்காரர்கள் உன்னைப் பேசியே கொல்லுவார்கள், வாங்கிக்கொள். நானும் பேசுவேன்.

மாடி அறை கிடையாது. போன அமாவாசைக்கு மூன்றாவது படியும் முழுகிவிட்டது. அதனால் அத்தையைக் கட்டிலோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம். நாங்களும் அங்கேதான் படுக்கிறோம். ஜெராக்ஸ் மிஷினும் ஏறிவிட்டது.

உனக்குக் கீழ் அறைதான், வாசல் பக்கத்து அறை. தண்ணீர் வந்தால் முதலில் அங்கேதான் வரும். உனக்குக் கட்டில் போடப்போவதில்லை, தரையில்தான் படுக்க வேண்டும். முதுகில் ஈரம் பட்டதும் எழுந்து எங்களைக் கூப்பிடு. அதையாவது நேரத்துக்குச் சொல்.

அக்கா